கோத்தகிரி இறக்கத்தில் இரண்டு கார்கள்

நண்பர் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நண்பர் 2023-ல் பிஎம்டபிள்யூ ஐ4 வாங்கினார். முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. அடுத்த வருடம் அவருடைய மனைவியின் தம்பி லெக்ஸஸ் இஎஸ் 300எச் வாங்கினார். பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, ஒரே தகுதி. வேறு வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள் மாதிரி இருவரும் ஆகிவிட்டார்கள். பொங்கலோ காதுகுத்தோ, கூடிய இடத்திலெல்லாம் “அத்தான், நடுவழியில நின்னா என்ன பண்ணுவீங்க?” என்று இவர் ஆரம்பிப்பார். “மச்சான், நீ இன்னும் பங்க் வாசல்லதான் நிக்கிற” என்று அவர் முடிப்பார்.

தீர்ப்பு சொல்ல வேண்டியவர் நண்பரின் மாமனார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது எழுபத்தாறு. அவர் பிடிகொடுக்கவே மாட்டார். “ரெண்டுலயும் ஏசி நல்லாத்தான் இருக்கு” என்பதோடு சரி. ஒருநாள் அவராகவே, “சின்ன வயசுல வேலை பார்த்த இடத்தை ஒரு தடவை பார்த்துட்டு வரணும்” என்றார். இடம் நீலகிரியில் கிளென்மார்கன். இதுதான் சமயமென்று இரண்டு கார்களையும் எடுத்தார்கள். இரண்டையும் வாங்க வக்கில்லாதவன் என்ற ஒரே தகுதியில் என்னை நடுவராக ஏற்றிக்கொண்டார்கள்.

2025 ஏப்ரல் கடைசி வாரம். ஊட்டிக்கு இ-பாஸ் கட்டாயம் (உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து உள்ள ஏற்பாடு). இரண்டு வண்டிக்கும் வாங்கிக்கொண்டு காலை ஐந்தரைக்குச் சென்னையை விட்டோம். நான் ஐ4-ல் முன்சீட்டில். நண்பரே ஓட்டினார். பின்னால் அவர் மனைவி. லெக்ஸஸில் மச்சினர், பெரியவர், டிரைவர். பெரியவர் எந்த வண்டி என்று யோசிக்கவேயில்லை. நேராகப் போய் லெக்ஸஸின் பின்சீட்டில் உட்கார்ந்தார். மச்சினர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

செங்கல்பட்டை எட்டுவதற்கு முன் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி வருகிறது. பிஎம்டபிள்யூவின் இந்திய ஆலை 2007-லிருந்து அங்கேதான் ஓடுகிறது. நாங்கள் உட்கார்ந்திருந்த ஐ4 அந்த வாசலில் பிறந்ததல்ல. ம்யூனிக்கில் முழுதாகச் செய்து கப்பலில் வந்தது. பின்னால் வருகிற ஜப்பான் காரோ, பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் பூட்டப்பட்டது. கப்பலில் வந்ததும் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்ததும் எப்படி ஒரே விலை ஆயின? அந்த மர்மத்தை அவிழ்க்க எஞ்சின் படிப்பு போதாது, வரிப் பட்டியல் வேண்டும். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அன்றைய நிலவரப்படி இந்த அளவு ஹைபிரிட்டுக்கு செஸ்ஸோடு சேர்த்து 43. பிறகு 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. தமிழ்நாட்டில் மின்சாரக் காருக்குச் சாலை வரி விலக்கு. மற்றதற்கு, 20 லட்சத்தைத் தாண்டினால் விலையில் 20 சதவீதம். மச்சினர் வண்டியைப் பதிவு செய்யக் கட்டிய வரி மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் ஆகியிருக்கும். அந்தப் பணத்தில் நடுத்தரக் குடும்பம் ஒரு கார் வாங்கிவிடும். நண்பர் இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பக்தி வந்துவிடுகிறது. கப்பலில் வந்ததற்குக் கட்டிய இறக்குமதி வரியைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

திண்டிவனம் வரை பேச்சே இல்லாமல் போனோம். பேசாததற்குக் காரணம் அந்த அமைதி. எஞ்சின் சத்தம் போனபிறகு மற்ற சத்தங்களெல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. டயர் உரசுவது, கண்ணாடி ஓரத்தில் காற்று கீறுவது, டிக்கியில் ஏதோ ஒரு தண்ணீர் பாட்டில் உருள்வது. பெரிய சப்தம் செத்தபிறகு சின்னச் சப்தங்கள் பிழைத்துக்கொள்கின்றன. அதனால்தானோ என்னவோ, கம்பெனி ஹான்ஸ் ஸிம்மரைக் கூப்பிட்டு இந்தக் காருக்கென்று ஒரு ‘ஓசை’ போடச் சொல்லியிருக்கிறது. நண்பர் அதை ஒருமுறை போட்டுக் காட்டினார். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த, விண்கலம் கிளம்புகிற மாதிரி ஸ்பீக்கரில் ஒரு முனகல். அவர் மனைவி பின்னாலிருந்து, “அதை நிறுத்துங்க, தலை வலிக்குது” என்றார். நிறுத்தினார். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த இடமும் அவ்வளவு சுகமில்லை. பேட்டரி முழுக்கத் தரைக்கு அடியில் இருப்பதால் தரை உயர்ந்துவிட்டது. கால் வைத்தால் முட்டி மேலே வருகிறது.

விக்கிரவாண்டி தாண்டி காப்பிக்கு நிறுத்தியபோது பெரியவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். கால் நீட்ட இடம், சாய்த்துக்கொள்ளும் சீட், வெயிலுக்குத் திரை. குழியில் இறங்குவதை அந்த வண்டி உடம்புக்குச் சொல்வதில்லை. ஐ4 ஒவ்வொரு ஒட்டுத் தாரையும் முதுகுத்தண்டுக்குப் படித்துக் காட்டுகிறது. நடுவர் என்ற முறையில் பின்சீட்டுக்கான மதிப்பெண்ணை அங்கேயே எழுதிவிட்டேன்.

உளுந்தூர்பேட்டையில் பிரிந்து சேலம் சாலை பிடித்தோம். நூறுக்கு மேல் போகவில்லை. கம்பெனி காகிதத்தில் ஐ4-க்கு ஒரு சார்ஜில் 590 கிலோமீட்டர் வரை போட்டிருக்கிறது. அது ஐரோப்பியச் சோதனைக் கணக்கு. நம் வெயிலில் ஏசியோடு, நூறில் போனால் 450 என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் நண்பர். சென்னையில் நூறு சதவீதத்தோடு கிளம்பியவர், 340 கிலோமீட்டர் ஓடிச் சேலத்துக்கு வரும்போது 28-ல் இருந்தார். கள்ளக்குறிச்சி தாண்டியதிலிருந்து அவர் கண் சாலையில் பாதி, அந்த எண்ணில் பாதி. சம்பளக்காரன் இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல.

சேலம் பைபாஸில் ஒரு சார்ஜிங் நிலையம். பெயர் வேண்டாம். இரண்டு பெட்டிகள், அதில் ஒன்றுக்கு உயிரில்லை. திரையில் கோளாறு என்று காட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்று 60 கிலோவாட். இந்தக் கார் 205 கிலோவாட் வரை உறிஞ்சக்கூடியது. யானைக்குப் பசி, கையில் கரண்டி. சரி, கரண்டியாவது கிடைத்ததே என்று சார்ஜிங் கன்னை மாட்டினார். கிடுகிடுவென்று ஏறியது. இருபது நிமிடத்தில் ஒரு மின்சார டாக்ஸி வந்து அதே பெட்டியின் இரண்டாவது கன்னை எடுத்து மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், 60 இரண்டாகப் பிரிந்தது. அவருக்கு 30, எங்களுக்கு 30. டாக்ஸிக்காரரைக் குறை சொல்ல முடியுமா? அவருக்கும் வீடு போய்ச் சேர வேண்டாமா? 80 சதவீதம் வர ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. சுமார் 1,000 ரூபாய்.

மச்சினர் பல் குத்தியபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வண்டிக்கு ஒரு வேலையும் இல்லை. பாதி டேங்குக்கு மேல் பெட்ரோல் இருந்தது. ஆனால் நியாயமாகக் கணக்குப் போட்டால், பக்கத்து உணவகத்தில் நாங்கள் சாப்பிட்டு எழ முக்கால் மணி நேரம் ஆனது. பெரியவர் ரசம், மோர் என்று நிதானமாகச் சாப்பிடுகிறவர். ஆக, மின்சாரக் காரால் போன நேரம் இருபத்தைந்து நிமிடம். பேச்சில் அது இரண்டு மணி நேரமாக வளர்ந்து சென்னை போய்ச் சேரும் என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்த முக்கியமான காட்சி ஒன்று உண்டு. லெக்ஸஸ் டிரைவர் மெதுவாக வந்து நண்பரிடம், “சார், நான் உங்க வண்டில கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?” என்றார். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஐ4-ல் ஏசி ஓடுகிறது. சத்தமில்லை, புகையில்லை. சீட்டைச் சாய்த்துப் படுத்தவர் பத்து நிமிடத்தில் குறட்டை விட்டார். பிறகு கேட்டேன்.

“உங்க வண்டிலயும் ஏசி இருக்கே அண்ணே?”

“இருக்கு சார். ஆனா பேட்டரி கொஞ்சம் இறங்கினதும் எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகும், அஞ்சு நிமிஷம் ஓடும், தானா நிக்கும். கண் அசருற நேரம் பார்த்து டபக்குனு கிளம்பும். தூங்கவே விடாது. இந்த வண்டி சாமி மாதிரி.”

நம் ஊரில் இந்த விலைக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாளில் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். கல்யாண மண்டப வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், கோயில் மரத்தடியில். அந்த நேரமெல்லாம் உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார். கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். நிற்கிற காரில் தூங்குகிறவருக்கு யாரும் போடுவதில்லை. அந்த மதிப்பெண் ஐ4-க்கு.

அவிநாசியில் திரும்பி அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அந்தச் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை, அதுவும் ஊர்க்காரர்களே போட்டுக்கொண்டது போல உயரம். ஐ4-ன் அடிவயிறு தரையிலிருந்து 125 மில்லிமீட்டர்தான். அங்கே இருப்பதோ பேட்டரி. மூன்று பேர் கனம், டிக்கியில் பெட்டிகள். ஒவ்வொரு தடையிலும் நண்பர் வண்டியைக் குறுக்காகச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். ஒரு இடத்தில் தவறியது. ‘க்ர்ர்ர்’ என்று ஒரு நீளமான உரசல். யாரும் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், லெக்ஸஸ் அதே தடையைச் சும்மா தாண்டி வந்தது.

மேட்டுப்பாளையத்தில் 46 சதவீதம். சீசன் என்பதால் ஏறுகிற வண்டிகள் குன்னூர் வழி, இறங்குகிறவை கோத்தகிரி வழி. கல்லாறு தாண்டியதும் மலை தொடங்கிவிட்டது. இங்கேதான் ஐ4 தன் ஜாதகத்தைக் காட்டியது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்தின் பின்னால் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்ததும் காலை லேசாக வைத்தால் போதும். கியர் மாற்றமில்லை, யோசனையில்லை, தள்ளிவிட்டது போல முன்னே போய் நிற்கிறது. 340 குதிரைசக்தி. அதைவிட முக்கியம், 430 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முதல் நொடியிலேயே கைக்கு வருகிறது. நண்பரின் முகத்தில் சேலத்துக் களைப்பெல்லாம் போய்விட்டது. பின்னால் லெக்ஸஸ் ஏறுவது பர்லியாறு வளைவில் ஜன்னலைத் திறந்தபோது கேட்டது. இரண்டரை லிட்டர் எஞ்சின் ஒரே சுருதியில், தம்பூராவை உரக்க மீட்டியது போல, விடாமல் கத்திக்கொண்டு வந்தது. அதன் கியர்பெட்டி அப்படி. படிப்படியாக மாறாமல், எஞ்சினை ஒரு வேகத்தில் நிறுத்திவைத்துவிட்டுச் சக்கரத்தை மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். வண்டிக்குக் கஷ்டமில்லை. கேட்கிறவனுக்குத்தான்.

மலை ரயில் பாதை பல இடங்களில் சாலைக்குப் பக்கத்தில் வருகிறது. பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறுகிற செங்குத்து. நடுவில் பல்சக்கரத் தண்டவாளம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் தள்ளும், குன்னூரில் டீசல் எஞ்சினை மாற்றி ஊட்டிக்குப் போகும். 1908-ல் ஊட்டியைத் தொட்ட ரயில் இன்றைக்கும் இப்படி இரண்டு வகை எஞ்சினில் ஓடுகிறது. “ஹைபிரிட்னா அதுதான்” என்றார் நண்பர்.

ஊட்டியில் 22 சதவீதம். ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு 24 சதவீதம் போயிருந்தது. சமவெளியில் அந்தச் சார்ஜுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். பெரியவர் அன்று இரவு இட்லிக்குக் காத்திருந்தபோது பில் தாளின் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆட்களோடு 2,300 கிலோ எடையை 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, வேறு எந்தச் செலவும் இல்லாவிட்டாலும், கிட்டத்தட்ட 12 யூனிட் வேண்டும். நாம் வீட்டில் மின்கட்டணம் கட்டுகிற அதே யூனிட். செலவானது 19 யூனிட். மிச்சம் 7 சாலைக்கும் டயருக்கும் ஏசிக்கும். “பன்னெண்டும் எங்கேயும் போகலை. வண்டிக்குள்ளதான் இருக்கு, உயரமா இருக்கு” என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

விடுதி ஒரு பழைய பங்களா. முன்பதிவின்போது “சார்ஜிங் இருக்கா?” என்று கேட்டதற்கு “இருக்கு சார்” என்றிருந்தார்கள். போய்ப் பார்த்தால், ஜெனரேட்டர் ஷெட்டில் துணி தேய்க்கிற மேசைக்கு மேல் ஒரு 15 ஆம்ப் பிளக் பாயிண்ட். நண்பர் காரோடு வந்த சார்ஜரை மாட்டினார். சிவப்பு விளக்கு. பிடுங்கி மாட்டினார். சிவப்பு. மேலாளர் வந்தார், “ஐயன் பாக்ஸ் வேலை செய்யுதே சார்” என்றார். உண்மைதான், ஐயன் பாக்ஸ் எர்த் இருக்கிறதா என்று கேட்காது. மின்சாரக் காரின் சார்ஜர் கேட்கும். எர்த் சரியில்லை என்றால் ஒரு யூனிட்கூட ஏற்ற மறுத்துவிடும்.

மச்சினர் இதற்குள் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். பெரியவர் மட்டும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்தார். சுவரோரம் செல்போன் வெளிச்சத்தில் எதையோ தேடி, ஒரு சிமெண்ட் மூடியைக் காலால் தட்டினார்.

“தம்பி, இந்த எர்த் குழில எப்பத் தண்ணி ஊத்துனீங்க?”

விடுதி எலக்ட்ரீஷியன் விழித்தார். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே அந்தப் பையனுக்குப் புதுச் செய்தி. உள்ளே கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கியிருப்பார்கள். அது ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். கோடையில் காய்ந்தால் குழி இருந்தும் இல்லாத மாதிரிதான். மூடியைத் திறந்தால் எலும்பு மாதிரி வறண்ட கரி. பெரியவர் சொல்லச் சொல்ல, துருப்பிடித்த கிளாம்பைச் சுரண்டி முடுக்கினார்கள். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். கால் மணி நேரம் பொறுத்து மாட்டச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. எழுபது லட்ச ரூபாய்க் காருக்கு இரண்டு வாளித் தண்ணீர். மணிக்கு மூன்று யூனிட் என்ற கணக்கில் விடிவதற்குள் ஐம்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

மறுநாள் கிளென்மார்கன். பைக்காரா நீர்மின் திட்டம் 1932-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மேலே கிளென்மார்கனில் தண்ணீரைக் கட்டி, மூவாயிரம் அடிக்கு மேல் இரும்புக் குழாயில் (பென்ஸ்டாக் என்பார்கள்) விழவிட்டு, அடிவாரத்தில் சிங்காராவில் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். ஊழியர்கள் மேலும் கீழும் போக, மலைச்சரிவில் கம்பி வடத்தில் இழுக்கிற வின்ச் வண்டி. பெரியவர் அதில்தான் இறங்கி வேலைக்குப் போயிருக்கிறார். பொதுமக்களுக்கு உள்ளே அனுமதியில்லை. அவர் வாசலோடு நின்றார். காவலாளியிடம் பேசினார். தன் காலத்து ஆட்கள் இரண்டு பேரைக் கேட்டார். இருவருமே இல்லை. கொஞ்ச நேரம் மூடுபனிக்குள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “குளிருது, போகலாம்” என்றார். அதைப் பற்றி நான் இவ்வளவுதான் எழுத முடியும்.

திரும்புகிற நாள், ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக இறக்கம். என் வேண்டுகோள்படி பாதி மலை ஒரு வண்டியில், மீதி மலை மற்றதில் என்று ஏற்பாடு. முதல் பாதிக்குப் பெரியவருடன் லெக்ஸஸில் ஏறினேன். கோத்தகிரி தாண்டிச் சரிவு தொடங்கியது. முதல் சில வளைவுகள் சொர்க்கம். எஞ்சின் அணைந்துவிட்டது, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது, திரையில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. பிறகு கோடுகள் நிரம்பிவிட்டன. இந்த வண்டியின் பேட்டரி ஒன்று, ஒன்றரை யூனிட் பிடிக்கிற சின்னச் சொம்பு. அதற்கு மேல் இடமில்லை. மலையோ இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் பாக்கி.

அப்போதுதான் எஞ்சின் கத்த ஆரம்பித்தது. இறக்கத்தில், ஆக்சிலேட்டரில் கால் இல்லாமல், ஏறும்போது கத்தியதைவிடப் பலமாக. நான் பயந்து டிரைவரைப் பார்த்தேன். “ஒண்ணுமில்ல சார், அதுவா பண்ணுது” என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பேடிலைத் தட்டினார். பெரியவர் விளக்கினார். சொம்பு நிறைந்தபிறகு வருகிற சக்தியை எங்கேயாவது கொட்ட வேண்டும். பெட்ரோல் எரியாமலேயே மோட்டாரைக் கொண்டு எஞ்சினைச் சுற்றவிட்டு, அந்த உராய்விலும் காற்றைப் பிசைவதிலும் வீணாக்குகிறது. பிரேக் சூடேறாமல் இருக்க அதுதான் வழி. நல்ல ஏற்பாடுதான். எதிரே வளைவில் ஒரு வேன் ஓரங்கட்டி நின்றது. சக்கரத்திலிருந்து புகை, காற்றில் பிரேக் கருகிய வாடை. அந்த நிலை லெக்ஸஸுக்கு வராது. ஆனால் பெரியவர் முகம் கோணியது. நிரம்பி வழிகிற அணையில் தண்ணீர் கடலுக்குப் போவதைப் பார்க்கிற பொறியாளரின் முகம். “அன்னிக்கு பெட்ரோலை ஊத்தி ஏத்துனதை இன்னிக்கு இரைச்சலாக் கொட்டுது” என்றார்.

குஞ்சப்பனையில் நிறுத்தினோம். பலாப்பழ வாசனை. யானை வருகிற பருவம் என்று கடைக்காரர் எச்சரித்தார். வண்டி மாறியபோது, ஆச்சரியமாகப் பெரியவரும் என்னோடு வந்து ஐ4-ன் முன்சீட்டில் உட்கார்ந்தார். கோத்தகிரியில் நண்பர் 73 சதவீதம் பார்த்திருந்தார். இங்கே 76. அதன்பிறகு நண்பர் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிடிக்கிறது. வளைவுக்கு முன் காலை எடுப்பார், வேகம் குறையும். வளைவு தாண்டிக் காலை வைப்பார். சத்தமே இல்லை. பறவைச் சத்தம் கேட்டது. பெரியவர் சாலையைப் பார்க்கவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். 77. கொஞ்ச தூரம் போய் 78. மேட்டுப்பாளையத்துக்குள் நுழையும்போது 79.

“மாப்பிள்ளை, இது பென்ஸ்டாக்தான்” என்றார். “உசரத்துல இருந்து விழுறது. கீழ சக்கரம் சுத்துறது. சிங்காராவுல தண்ணி விழுந்துச்சு, இங்க நாம விழுறோம்.” பிறகு காடம்பாறையைச் சொன்னார். அங்கே தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது விழவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள், 400 மெகாவாட் நிலையம். ஏற்றியது முழுதும் திரும்பாது, ஆனாலும் இலாபம். இந்தக் காரும் அப்படித்தான். இறங்கிய 1,500 மீட்டருக்கு ஒன்பது யூனிட்டுக்கு மேல் கணக்கு. கைக்கு வந்தது ஐந்து. “பாதிக்கு மேல குடுத்திருக்கு. நல்ல மெஷின்.” ஊட்டிக்கு வந்த இரவு அவர் சொன்ன ‘உயரமாக இருக்கிற’ பன்னிரண்டு யூனிட் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நண்பர் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வருடத்துக்கு மேலான வழக்கு, தீர்ப்பு வந்துவிட்டது என்றே நினைத்தார்.

மேட்டுப்பாளையத்தில் டீ குடித்தோம். கிளம்பும்போது பெரியவர் எழுந்து, கைத்தடியை ஊன்றி, நேராக நடந்து போய் லெக்ஸஸின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

“என்ன மாமா?” என்றார் நண்பர்.

“உன் வண்டிதான் நல்ல வண்டி மாப்பிள்ளை. ஆனா முட்டி வலிக்குது. சென்னை வரைக்கும் முடியாது.”

நடுவர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது லெக்ஸஸ் குடித்தது 35 லிட்டர், 3,500 ரூபாய்க்குச் சற்று மேல். ஐ4-க்கு வீட்டு மின்சாரமும் சேலமும் சேர்ந்து அதில் பாதி. இந்த விலையில் கார் வாங்குகிறவர்களுக்கு அது ஒரு பணமா என்றால், அவர்கள்தான் அதை அதிகம் பேசுகிறார்கள். ஓட்டுகிறவருக்கு ஐ4. வாசலில் காத்திருக்கிற டிரைவருக்கும் ஐ4. மலையில் சந்தேகமே இல்லாமல் ஐ4. பின்சீட்டில் அப்பா அம்மாவை உட்காரவைத்து ஒரே மூச்சில் ஊர் போகிறவருக்கு, இன்றைக்கு நம் சாலையும் சார்ஜிங் பெட்டியும் இருக்கிற நிலையில், லெக்ஸஸ்.

மின்சாரக் காரில் ஊட்டி போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மேலே தங்கும்போது நூறு சதவீதம் வரை ஏற்றாதீர்கள். எண்பதில் நிறுத்துங்கள். பேட்டரியில் இடமில்லாவிட்டால் உங்கள் வண்டியும் இறக்கத்தில் சாதா பிரேக்கைத்தான் தேய்க்கும். இன்னொன்று, விடுதிக்குப் போன் செய்து “சார்ஜிங் இருக்கா?” என்று கேட்காதீர்கள். இருக்கு என்றுதான் சொல்வார்கள். 15 ஆம்ப் பிளக் எந்தச் சுவரில் இருக்கிறது, எர்த் குழியில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேளுங்கள்.